முக்குக்காரி வரிசையில் ஒரு கோப்பை

ஹெல்ம்சீ,
ஈஸ்டருக்கு அடுத்த வியாழன், 1958.

அன்புள்ள மார்ஜரிக்கு வில்ஃப்ரெட் எழுதுவது.

இங்கே நான் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். முழங்கால் மட்டும் மழைக்கு முந்தின நாளே சொல்லிவிடுகிறது. அங்கே நீயும், நம் ஜேனட்டும், மாப்பிள்ளையும், பேரனும் சௌக்கியமாக இருக்க வேண்டும். மிஸ்டர் பிம் எப்படி இருக்கிறார் என்று நான் கேட்கப் போவதில்லை. அவர் நன்றாகத்தான் இருப்பார்.

முதலில் ஒரு அவசர விஷயம். உன் சித்தப்பா மகள் ஈனிட் எழுதிய, கறுப்பு விளிம்பு போட்ட அட்டை ஒன்று ஜேனட் பெயருக்கு விமானத் தபாலில் வரும். ஒருவேளை இதற்கு முன்னாலேயே வந்திருக்கலாம். அதைப் பார்த்து யாரும் பயந்துவிட வேண்டாம். நீ இறந்துவிட்டதாக அதில் இருக்கும். நீ இறக்கவில்லை என்பது உனக்கே தெரியும். இங்கே நம் ஊருக்கு அது தெரியாமல் போய்விட்டது, அதுவும் என்னால். நான் தபால்பெட்டி வரைக்கும் ஓடினேன். அதற்குள் தபால்காரன் பையைக் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டான். அட்டையைக் கிழித்து அடுப்பில் போடு. ஈனிட்டைத் திட்டாதே, அவள் அழுதுகொண்டேதான் எழுதினாள்.

இது எப்படி நடந்தது என்று கேட்பாய். உன்னுடைய பிப்ரவரிக் கடிதத்தில் ஆரம்பித்தது என்றுதான் நான் சொல்வேன். ஈஸ்டருக்குள் வந்துவிடுகிறேன், ஈஸ்டருக்குள் வந்துவிடுகிறேன் என்று எழுதிக்கொண்டிருந்தவள், திடீரென்று "எதுவும் இன்னும் முடிவு செய்யவில்லை, இந்த வெயில் என் மார்புச் சளிக்கு ஒத்துக்கொள்கிறது" என்று எழுதினாய். முடிவு செய்ய என்ன இருக்கிறது, மார்ஜ்? மகள் பிரசவத்துக்குப் போனாய். பிள்ளை பிறந்தாயிற்று. அவனுக்குப் பல்லே முளைக்கப் போகிறது. உன் மார்பு பிறந்ததிலிருந்து இந்த ஊர்க் காற்றைத்தானே இழுத்தது? அப்போதெல்லாம் வராத சளி, ஜேனட்டின் நேப்பியரில் வெயிலைப் பார்த்ததும் ஞாபகத்துக்கு வந்ததா?

அந்தப் படத்தையும் பார்த்தேன். கடற்கரைச் சாலையில் பெரிய பைன் மரத்தடியில் நீ நிற்கிறாய், கையில்லாத கவுன் போட்டுக்கொண்டு. பக்கத்தில் ஒரு ஆள் உனக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறான். மழைக்கு இல்லை, வெயிலுக்கு. நம் ஊரில் வெயிலுக்குக் குடை பிடித்தவனைக் கோமாளி என்று நினைத்துப் பிள்ளைகள் பின்னால் போவார்கள். ஜேனட் படத்தின் பின்னால் "அம்மாவும், பக்கத்து வீட்டு மிஸ்டர் ஹோரஸ் பிம்மும்" என்று எழுதியிருந்தாள். மனைவியை இழந்தவர், பாவம், ரோஜாச் செடி வளர்க்கிறார், காரில் எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போகிறார் என்று நீயும் எழுதியிருந்தாய். எல்லோரையும் கூட்டிக்கொண்டு போகிறவர் படத்தில் ஏன் உன்னோடு மட்டும் நிற்கிறார்? எனக்கு வயிறு எரிகிறது, மார்ஜ். இந்த வயதில் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எரிகிறது.

அதுகூடப் பரவாயில்லை. உலகத்தில் எத்தனையோ ஊர் இருக்க, போயும் போயும் ஆல்டன்மவுத்காரனா? பூமிக்கு அந்தப் பக்கம் போய் ஒரு இங்கிலீஷ்காரனைக் கண்டுபிடித்தாய், அவன் நமக்குப் பத்து மைல் தெற்கே பிறந்தவனா? "ஆல்டன்மவுத் கடற்பாலம்தான் உங்களுடையதைவிட நீளமாமே, மிஸ்டர் பிம் சொன்னார், இருக்கலாம் என்றேன்" என்று எழுதியிருந்தாய். இருக்கலாமா? உன் புருஷன் ஹெல்ம்சீ பாலத்து வாசலில் கல்யாணத்துக்கு முன்பிருந்து டிக்கெட் கிழிக்கிறான். நீ ஒரு ஆல்டன்மவுத்காரனிடம் "இருக்கலாம்" என்கிறாய். அன்று நான் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை.

அந்த ஆளிடம் இதைச் சொல். முதலில் கடலுக்குள் பாலம் நீட்டிக் கட்டியது நாம். நம் மீன்காரர்கள் படகு அடைய இடமில்லாமல் ஊர் கூடிக் கட்டியது. அதை வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போய், அடுத்த வருஷமே அவர்கள் ஒன்று கட்டினார்கள், நம்முடையதைவிட நீளமாக இருக்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக. ரயிலும் நமக்குத்தான் வந்திருக்க வேண்டியது. பெரிய வீட்டுத் துரை தன் நரிவேட்டைக்கு இடைஞ்சல் என்று தண்டவாளத்தை விடவில்லை, அது ஆல்டன்மவுத்துக்குத் திரும்பிவிட்டது. ரயிலோடு டாக்டர்களும் பாதிரியார்களும் இறகுத்தொப்பிச் சீமாட்டிகளும் அங்கே போனார்கள். நமக்கு வந்தவர்கள் பஞ்சாலைக்காரர்கள், குதிரை வண்டியில் எலும்பு முறியக் குலுங்கிக்கொண்டு. வருஷத்துக்கு ஒரு வாரம் ஆலைக்குப் பூட்டுப் போட்டதும் தெருவே கிளம்பி வரும். அந்த ஒரு வாரத்தில் நம் கடற்கரையில் கேட்கும் சிரிப்பு ஆல்டன்மவுத்தில் நூறு வருஷத்தில் கேட்டிருக்காது.

போரில் ஜெர்மன்காரன் இறங்கிவிடப் போகிறான் என்று பட்டாளம் இரண்டு பாலத்தையும் நடுவில் வெட்டியது. போர் முடிந்ததும் அவர்களுக்கு உடனே ஒட்டிக் கொடுத்தார்கள், மந்திரி ஒருவரின் மாமியார் அங்கே இருந்தாளாம். நமக்கு ஒட்டுவதற்குள் அந்த ஜனவரிப் புயல் வந்து கடல்பக்கத்துத் துண்டை வாரிக்கொண்டு போயிற்று. நம்முடைய மிச்சத்தைத் தன் முழுசோடு வைத்து அளப்பவன் என்ன மனிதன்? முழுசாக இருந்தபோது அளந்திருந்தால் தெரிந்திருக்கும் என்று பிம்மிடம் சொல்.

அதற்குப் பிறகு உன் மார்ச் கடிதம். பிம் தன் ஊர் முத்திரை போட்ட பீங்கான் கோப்பை ஒன்றை உனக்குக் கொடுத்திருக்கிறார், உலகம் சுற்றி ஒரு கீறல் இல்லாமல் கொண்டுவந்தது, தினமும் காலையில் அதில்தான் டீ குடிக்கிறேன் என்று எழுதினாய். அதைப் படித்துவிட்டு அலமாரியைத் திறந்து உன் கோப்பையைப் பார்த்தேன். ஹெல்ம்சீ முத்திரை போட்டது, பாலமும் ஒரு ஹெரிங் மீனும் வரைந்தது. கல்யாணத்துக்கு முந்தின கோடையில் பேண்டு மேடைக்குப் பக்கத்துக் கடையில் நான் வாங்கிக் கொடுத்தது. நீ அதை இங்கேயே விட்டுவிட்டுப் போனாய், கப்பலில் உடைந்துவிடும் என்று. பிம்முடையது உடையவில்லையே.

இந்த மனநிலையில்தான் ஈஸ்டர் சனிக்கிழமை வந்தது.

அன்று கடற்கரைக் குடில்களைத் திறந்து போடும் வருஷத்து முதல் தேநீருக்கு உன் குடிலை யார் திறப்பது என்று மார்ச்சிலேயே பேச்சு எழுந்துவிட்டது. குன்றுக்குக் கீழே அந்த வரிசையில் ஆண்பிள்ளை அடுப்பு மூட்டியதே கிடையாது என்று டன்னிங் அம்மா சொல்லிவிட்டாள். உனக்குத்தான் தெரியுமே, அவளுக்கு எண்பது வயது, வரிசைக்கே அவள்தான் நீதிபதி. அந்தக் காலத்தில் சீமாட்டிகளைக் குளியல் வண்டியிலிருந்து இறக்கிக் கழுத்தைப் பிடித்துக் கடலில் முக்கின முக்குக்காரிகளுக்கு, வண்டி வழக்கொழிந்தபோது சக்கரத்தைக் கழற்றிவிட்டுக் கொடுத்த குடில்கள் அவை. அம்மாவிடமிருந்து மகளுக்கு, மகள் இல்லாவிட்டால் தங்கைக்கு, அதுவும் இல்லாவிட்டால் சித்தப்பா மகளுக்கு என்று போகும். புருஷன்மார்கள் நாற்காலி தூக்க மட்டும்தான். இதையெல்லாம் எனக்கே சொல்லிக் காட்டினாள், நான் ஏதோ ஆல்டன்மவுத்திலிருந்து வந்தவன் மாதிரி. நான் விடவில்லை. என் பெண்டாட்டி திரும்பி வருகிறவரைக்கும் அவள் கையாக நான் மூட்டுகிறேன் என்றேன். டன்னிங் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சரிடா, மூட்டித் தொலை. கெட்டிலைக் கருக்கிடாதே"ன்னு விட்டுவிட்டாள்.

அன்று காலையே போய்விட்டேன். கதவுக்குப் புதுப் பச்சை பூசியிருந்தேன், நீ சொன்ன பச்சைதான், கடைக்காரன் கொடுக்கப் பார்த்த பச்சை இல்லை. ஜன்னல் துணியைத் துவைத்திருந்தேன். கூட்டத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. காற்றுக்கும் குறைச்சல் இல்லை. வாடைக்காற்று மணலை வாரி வாரி அடித்தது. எல்லோரும் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "அருமையான நாள், அருமையான நாள்"னு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நம் ஊர் மாறவே இல்லை.

அடுப்பை மூட்டினேன். கெட்டில் கொதித்தது. முன்பலகையில் வீட்டில் ஆளுக்கொன்று என்று கோப்பைகளை வைத்தேன். என் கோப்பையில் ஊற்றினேன். உன் கோப்பையை வைத்தபோது பிம்முடைய பீங்கான் நினைவுக்கு வந்தது. கொஞ்சம் கோபமாகத்தான் வைத்தேன், ஒத்துக்கொள்கிறேன், டணார் என்று சத்தம் வந்தது. தூரத்தில் இருக்கிறவர்களுக்கும் ஊற்றி வைக்க வேண்டும் என்பது வழக்கம்தான். ஆனால் பால் ஜாடியை உள்ளே மறந்துவிட்டேன். எடுக்கப் போகும்போது பார்த்தேன், உன் கோப்பைக்குள் மணல் விழுகிறது. மணல் விழ வேண்டாமே என்று அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனேன்.

அவ்வளவுதான், மார்ஜ். நான் செய்தது அவ்வளவுதான். நாற்காலி தூக்குகிறவனுக்குக் கோப்பை பாஷை என்ன தெரியும்? தெரியாது என்று சொன்னால் பொய். கவிழ்த்த கோப்பையை நானும் பார்த்திருக்கிறேன், உன் அம்மா இறந்த வருஷம் நீயே கவிழ்த்தாய், நான் பக்கத்தில்தான் நின்றேன். ஆனால் அந்த நேரத்தில் அது மண்டையில் இல்லை. மணல்தான் இருந்தது.

பாலோடு வெளியே வந்தால் வரிசையே அமைதியாக இருக்கிறது. பக்கத்துக் குடிலில் கெட்டில் கூவிக்கொண்டிருந்தது, ஒரு அம்மாள் ஓடிப்போய் அதை இறக்கினாள். ஆண்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்கள். காற்றுக்காக என்று நினைத்தேன். ஈனிட் வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா வில்ஃப்? இதை நீங்க மட்டுமா மனசுக்குள்ள வச்சுக்கிட்டு இருந்தீங்க?"ன்னு கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. பிம் விஷயம் ஊருக்கே தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஜேனட் அவளுக்கும் படம் அனுப்பியிருப்பாள் போல. "சொல்றதுக்கு என்ன இருக்கு, ஈனிட்? அவளுக்கு அங்கதான் பிடிச்சிருக்கு"ன்னு சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பாவம், புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பாள். "எவ்வளவு நல்லவளா இருந்தா"ன்னாள். எனக்கு வந்ததே கோபம். "இப்ப மட்டும் என்ன கெட்டவளா ஆயிட்டாளா?"ன்னு கத்திவிட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டே போய்விட்டாள். போய்த்தான் அந்த அட்டையை எழுதியிருக்கிறாள். கறுப்பு விளிம்பு அட்டையைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறாள், தெரியுமா? நம் ஊரில் கிழடுகள் அதிகம், தேவைப்படுகிறது என்கிறாள்.

ஆளாளுக்கு வந்தார்கள். நீ பாடின பாட்டு, நீ செய்த ஆப்பிள் பை, வெள்ளம் வந்தபோது நீ படகில் நின்றுகொண்டு ஜன்னல் ஜன்னலாக ரொட்டி கொடுத்தது. இத்தனை பேருக்கு உன்மேல் இவ்வளவு பிரியம் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அதிலும் பொறாமைதான். நீ எனக்கு மட்டும் தெரிந்தவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் வந்தான் ஆல்ஃபி நட்டல். கழுதைக்கார ஆல்ஃபிதான். குளிர்காலம் முழுக்கக் கொட்டிலில் இருந்த கழுதைகளை அன்றுதான் முதல்முதலாகக் கடற்கரைக்கு இறக்கியிருந்தான். ஒரு கழுதையைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தான். முகமெல்லாம் தண்ணீர். வாய்விட்டு அழுகிறான், மார்ஜ், கட்டின புருஷன் நான் கல்லாக நிற்கிறேன், அவன் அழுகிறான். "டேய் வில்ஃப், என்னை மன்னிச்சிடுடா"ன்னான். எதுக்குடா என்றேன். "இவளுக்கு மார்ஜின்னு பேர் வச்சேன்ல"ன்னு கழுதையைக் காட்டினான். "ஆமாம், உன் அத்தை பேராச்சே"ன்னேன். "எனக்கு அத்தையே கிடையாதுடா"ன்னான்.

கேட்டாயா? அந்தக் கழுதையின் தலைக்கயிற்றில் உன் பெயரைச் சிவப்பு எழுத்தில் எழுதி, இத்தனை வருஷமாக என் கண் முன்னால், என் பாலத்து வாசலுக்கு நேரே நடத்திக்கொண்டு போயிருக்கிறான். நானும் முட்டாள் மாதிரி அதற்குத் தினமும் காரட் கொடுத்திருக்கிறேன். "பேண்டு மேடையில அவளோட முதல்ல ஆடினது நான்தான், நீ வந்து கெடுத்த"ன்னான். "அதுக்காகக் கழுதைக்கா பேர் வைப்ப?"ன்னு கேட்டேன். "என்கிட்ட இருந்ததுலயே நல்ல கழுதை இதுதான்டா"ன்னு விசும்பினான். அடிக்கக் கை ஓங்கினேன். நாலு பேர் வந்து, துக்கத்தில் கை ஓங்குகிறான் என்று என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். உனக்கு இது தெரியுமா? தெரிந்துதான் நீயும் அதற்குச் சர்க்கரைக்கட்டி கொடுத்தாயா? இதற்கு மட்டும் தனியாகப் பதில் எழுது.

கடைசியில் டன்னிங் அம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தாள். என் முன்னால் கையை நீட்டி, "சாவியைக் குடுப்பா. மக கடல் தாண்டிப் போயிட்டா, அடுத்தது ஈனிட்டுக்கு. அதான் முறை"ன்னாள். எதற்குச் சாவி என்று கேட்டேன். அவள் தடியால் முன்பலகையைக் காட்டினாள். அப்போதுதான் பார்த்தேன். கோப்பை கவிழ்ந்து கிடக்கிறது. என் கை கவிழ்த்தது.

எனக்கு என்ன ஆயிற்று என்று சொல்லத் தெரியவில்லை, மார்ஜ். நீ அங்கே பைன் மரத்தடியில் நன்றாகத்தான் நிற்கிறாய் என்று தெரியும். ஆனால் அந்தக் கோப்பையைப் பார்த்ததும், ஊர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும், நீ போய்விட்டதாகவே ஆகிவிட்டது. பிம் இல்லை, பாலம் இல்லை, ஒன்றும் இல்லை. குடில் வாசலில் உட்கார்ந்து அழுதேன். ஆல்ஃபியைவிட அதிகமாக அழுதேன், ஊர் சாட்சி.

கொஞ்சம் தெளிந்ததும், அவள் சாகவில்லை, மணல் விழுகிறதே என்று கவிழ்த்தேன் என்று சொன்னேன். நீ பார்த்திருக்க வேண்டும் அவர்கள் முகத்தை. முதலில் சந்தோஷம். பிறகு என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். "மூளையிருக்கா உனக்கு?" "எங்க ஈரலே நடுங்கிப்போச்சு!" "ஆம்பளைகிட்ட அடுப்பைக் குடுத்தா இதான்!" ஆல்ஃபி கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் சொன்னதெல்லாம் வாபஸ் என்றான். கழுதையின் பெயரும் வாபஸா என்று கேட்டேன். அதற்கு வேறு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வராது என்றான். ஈனிட் மட்டும் திட்டவில்லை. குடிலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு இந்தக் குடில் மேல ஆசைதான் வில்ஃப், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா இப்படி வேணாம்"னாள். அவளை நான் சரியாக எடை போடவில்லை.

நான் கோப்பையை நிமிர்த்தப் போனேன். டன்னிங் அம்மா தடியைக் குறுக்கே வைத்தாள். "நிமிர்த்துறதுன்னா அவ வர்றான்னு அர்த்தம். வர்றாளா?"ன்னு கேட்டாள். வரிசை முழுக்கக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், டீ ஊற்றியிருப்பார்கள். ஆனால் "இன்னும் முடிவு செய்யவில்லை" என்று உன் கையெழுத்து என் சட்டைப் பையில் இருந்தது. ஊருக்கு முன்னால் நான் ஆமாம் என்று சொல்லிவிட்டு, நீ வராமல் போனால், அதற்கப்புறம் அந்தக் கோப்பையை நான் எப்படிப் பார்ப்பேன்? தெரியலையே அம்மா என்றேன்.

அவளே குனிந்து கோப்பையை எடுத்தாள். நிமிர்த்தவும் இல்லை, கவிழ்க்கவும் இல்லை. பக்கவாட்டில் படுக்க வைத்தாள். உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் ஒவ்வொரு கூழாங்கல்லை முட்டுக் கொடுத்தாள். அந்தக் காலத்தில் மீன் பிடிக்கப் போன படகு திரும்பாமல், உடலும் கரை ஒதுங்காமல் இருந்தால் வீட்டுக்காரிகள் இப்படித்தான் வைப்பார்களாம். "ஆகஸ்ட் படகுப் போட்டி வரைக்கும் இப்படியே இருக்கட்டும். அதுக்குள்ள ஒரு பதில் வரணும்"னாள். பிறகு என் தோளைத் தட்டி, "டீயைக் குடி, ஆறிப்போச்சு"ன்னாள். ஆறித்தான் போயிருந்தது.

திங்கட்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். யாரிடமும் சொல்லாதே. விடுமுறைப் பேருந்து பிடித்து ஆல்டன்மவுத் போனேன். ஆமாம், நான்தான். அவர்களுடைய பாலத்துக்குப் போனேன். வாசல்காரனிடம் நானும் இதே தொழில்தான் என்று சொல்ல மனசு வரவில்லை, மற்றவர்கள் மாதிரியே டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். அவன் டிக்கெட்டைக் கோணலாகக் கிழித்தான்.

நடந்தேன். நம் பாலம் எங்கே முடியும் என்று என் காலுக்குத் தெரியும். அந்த இடம் வந்தது. போருக்கு முன்னால் நம் பாலம் எங்கே முடிந்தது என்பதும் தெரியும், நாம் அங்கேதானே நின்றுகொண்டிருப்போம், நீ காதுக்குக் கைக்குட்டை கட்டிக்கொண்டு. அந்த இடமும் வந்தது. பலகை அதற்குப் பிறகும் போய்க்கொண்டே இருந்தது. என்னைச் சுற்றி எல்லோரும் இரண்டு இரண்டு பேராகப் போனார்கள். ஒரு கிழவர் தன் மனைவியின் தொப்பி பறக்காமல் இருக்க அதன்மேல் கையை வைத்துக்கொண்டே நடந்தார், அவளுக்கு அது எரிச்சல்தான், ஆனால் கையைத் தட்டிவிடவில்லை. நுனி வரைக்கும் போனேன். அங்கே ஒரு பெஞ்சு இருந்தது, உட்கார்ந்தேன். நம் ஊர்க் கடல்தான் அங்கேயும். அதே டீ நிறம்.

பிம்மிடம் சொல்லிவிடு. அவர் சொன்னது சரி. ஆல்டன்மவுத் பாலம்தான் நீளம், எப்போதுமே அதுதான் நீளமாக இருந்திருக்கும். ஹெல்ம்சீ பாலத்து வாசல்காரன் ஒத்துக்கொண்டான் என்று சொல். தனியாக நடக்கிறவனுக்கு அது ரொம்பவே நீளம், மார்ஜ்.

உன் சளிக்கு அங்கேதான் நல்லது என்றால் நல்லதுதான், நான் மறுக்க மாட்டேன். அப்படியானால் அதையும் எழுது. சாவியை நானே ஈனிட்டிடம் கொடுத்துவிடுகிறேன், புதுப் பச்சையோடு. ஆனால் கோப்பையை என் கையால் இன்னொரு தடவை கவிழ்க்கச் சொல்லாதே. தினமும் வேலைக்குப் போகும் வழியில் குடிலுக்குப் போய் அதற்குள் மணல் சேராமல் துடைத்துவிட்டு வருகிறேன். உருளாமல்தான் கிடக்கிறது. அந்த மார்ஜிக்கும் இப்போது காரட் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன், அது என்ன பாவம் செய்தது?

கடவுள் உன்னையும், ஜேனட்டையும், பல் முளைக்கப் போகிற அந்தச் சின்னவனையும் காப்பாற்றட்டும். பிம்மையும் காப்பாற்றட்டும், அவர் இருக்கிற இடத்திலேயே. அவர் கொடுத்த கோப்பையிலேயே டீ குடித்துக்கொள், கொண்டுவர வேண்டுமென்றால் அதையும் கொண்டு வா, அலமாரியில் இடம் இருக்கிறது.

ஜூலையில் ஒரு கப்பல் இருக்கிறதாம். வந்துவிடு, மார்ஜ்.

உன்,
வில்ஃப்ரெட் கேட்ச்போல்